விசுவாசிக்குச் சாவு பயம் வரலாமா?

30 அக்டோபர் 2023 (வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

என் மாமனாருக்கு 78 வயது. ஐம்பது வருஷமாகச் சபைக்குத் தவறாதவர், ஞாயிறு பள்ளி நடத்தியவர். நுரையீரலில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலில் நன்றாகப் பேசுகிறார். ராத்திரியானால் லைட்டை அணைக்க விடமாட்டேன் என்கிறார். அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். நேற்று ஜெபிக்க வந்த சகோதரர் ஒருவர், "இத்தனை வருஷம் விசுவாசித்தது இதற்குத்தானா" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அதிலிருந்து மாமா யாரோடும் பேசுவதில்லை. கிறிஸ்தவனுக்குச் சாவு பயம் வரலாமா, கூடாதா? நாங்கள் அவருக்கு என்ன சொல்ல?

2 நவம்பர் 2023, இரவு

வரலாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று கல்லறைத் திருநாள். இப்போதுதான் கீழ்ப்பாக்கம் கல்லறையிலிருந்து வந்தேன், விரலில் இன்னும் மெழுகு ஒட்டியிருக்கிறது. அங்கே அம்மாவும் அப்பாவும் ஒரே குழியில் இருக்கிறார்கள், அம்மா 2004 முதல், அப்பா 2019 முதல். உங்கள் கேள்வியைப் போகும்போது பஸ்ஸில் படித்தேன். சாமந்தியை வைத்து மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நின்றபோது ஜெபிக்க முடியவில்லை, உங்கள் மாமனார்தான் நினைவில் நின்றார்.

என் அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஷெல் டிவிஷனில் ஃபிட்டர். நாசரேத் பக்கத்திலிருந்து பெரம்பூருக்கு வந்தவர். கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடித்து ஐந்து மாதம்தான். அவரும் பயந்தார். ஆனால் கடைசியில் சங்கீதம் 23 கேட்டுக்கொண்டே அமைதியாகப் போனார். உங்கள் மாமனாருக்கும் அந்தச் சமாதானம் வரும். வசனம் வாசித்துக் காட்டுங்கள், பக்கத்தில் இருங்கள்.

3 நவம்பர்

என் பதிலுக்குக் கீழே ஒரு சகோதரர் 1 யோவான் 4:18-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார். "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." ஆகவே பயப்படுகிறவனிடம் அன்பு பூரணமாகவில்லையாம். ஐயா, அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் தைரியமாய் நிற்பதைப் பற்றித்தான் அங்கே பேச்சு. தண்டனையை நினைத்துப் பயப்படுகிறவனுக்கு யோவான் சொன்னதை, ராத்திரி மூன்று மணிக்கு மூச்சுக்குத் தவிக்கிற ஒரு கிழவர் தலையில் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

பிடிபடுமுன் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் என்ன சொன்னார்? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது." சொல்லிவிட்டு, இங்கே தங்கி என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை அவருக்கு. கூட இருந்த மூன்று சீஷர்களும் தூங்கிப்போனார்கள். உங்கள் மாமனாரிடம் கேள்வி கேட்ட அந்தச் சகோதரர் கெத்செமனேயில் இருந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

5 நவம்பர், ஞாயிறு

மூன்று நாளாக ஒன்று உறுத்துகிறது. இன்று ஆராதனையில் உட்கார முடியவில்லை. "அமைதியாகப் போனார்" என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. கடைசி இரண்டு நாள் அமைதி. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். உங்கள் கேள்வியில் லைட் என்று பார்த்தவுடனே எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அதனால்தான் விட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்பாவும் லைட்டை அணைக்க வேண்டாம் என்றார். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம். அவர் கட்டில் ஹாலில். டியூப்லைட் எரிந்தால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது, பெரியவனுக்கு அப்போது பரீட்சை. முதல் நாள் விட்டேன். இரண்டாம் நாள், "கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர், யாருக்குப் பயப்படுவேன், நீங்கதானப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு அணைத்தேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லைட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. சரி, வசனம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா கட்டிலில் இல்லை. ஜன்னல் ஓரமாக ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கம்பியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கின் வெளிச்சம் அங்கேதான் விழும். உடம்பிலிருந்து எடுத்துவிட்ட டியூப் ஒரு பக்கம் தொங்குகிறது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. என்னைப் பார்த்ததும், தப்புச் செய்த பிள்ளை மாதிரி, "ஒண்ணுமில்லளா, காத்து வாங்க வந்தேன்" என்றார்.

அவர் என்னிடம் பயத்தைச் சொல்ல வந்தார். நான் வசனத்தைப் போட்டு மூடினேன். அதற்கு மேல் அவர் எதைச் சொல்ல முடியும்? பைபிளுக்கு எதிராகவா பேச முடியும்? நாலு வருஷம் ஆகிறது, இந்த ஜன்னல் விஷயத்தை என் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால் முதல் நாள் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வசனம் வாசித்துக் காட்டுங்கள் என்று சொன்னேன். அதற்கு முன்னால் லைட்டைப் போட்டு வையுங்கள். அவர் பேசட்டும், முடியும்வரை கேளுங்கள்.

6 நவம்பர்

நர்ஸாக இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள், நான் எழுதியதைவிட அதுதான் அந்த வீட்டுக்கு இப்போது தேவை. நுரையீரல் நோயாளிக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அவர் எழுந்து உட்காருவது பயத்தினால் மட்டும் இருக்காது, உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். முதுகுக்கு மூன்று நாலு தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வையுங்கள். முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஃபேன் காற்று பட்டால் திணறல் குறைந்த மாதிரி இருக்கும். மார்ஃபின் என்றால் நம் ஆட்கள் சாவு மருந்து என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். வலிக்கும் கொடுப்பார்கள், மூச்சுத் திணறலுக்கும் கொஞ்சமாகக் கொடுப்பார்கள், டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அப்பாவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வேளை தள்ளிப்போனாலும் முகம் மாறிவிடும். வலி உள்ள மனிதனிடம் பரலோகத்தைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது.

9 நவம்பர்

"மரணம் ஒரு வாசல்தானே, இந்த அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிறோம், இதில் பயப்பட என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கிறார். அடக்க ஆராதனைகளில் இதைக் கேட்டுக் கேட்டு நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. பவுல் மரணத்தை வாசல் என்று சொல்லவில்லை, "பரிஹரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார். சத்துரு. எதிரியைப் பார்த்து ஒருவர் நடுங்கினால் அவருக்குக் கண் தெரிகிறது என்று அர்த்தம்.

யோவான் 11-ஐ இந்த வாரம் மறுபடி மறுபடி வாசித்தேன். இயேசுவின் சிநேகிதன் லாசரு செத்து நாலு நாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். அழ வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் "இயேசு கண்ணீர் விட்டார்." அதற்கு இரண்டு வசனம் முன்னால் "ஆவியிலே கலங்கி" என்று நம் பைபிளில் இருக்கிறது, மூலத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லில் கோபமும் உண்டு, குதிரை மூக்கால் சீறுவதற்கும் அதே சொல்லைச் சொல்வார்களாம். ஒரு சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் நின்று ஆண்டவர் சீறினார் என்று படித்தபோது அப்பா போன நாளுக்குப் பிறகு முதன்முறையாக எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் யார் மேல் கோபமாக இருந்தேனோ அவரும் என் பக்கத்தில் நின்று அதே சாவின் மேல் கோபமாக இருந்திருக்கிறார்.

அதே அதிகாரத்தில் தோமாவும் வருகிறார். நம் ஊர்த் தோமா. "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று மற்றச் சீஷர்களைக் கூப்பிட்டவர் அவர்தான். எவ்வளவு தைரியம்! மூன்று அதிகாரம் தள்ளிப் பாருங்கள், அதே ஆள், "ஆண்டவரே, நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை எப்படி அறிவோம்" என்று கேட்கிறார். சாவதற்குத் தயார் என்றவருக்கு, எங்கே போகிறோம் என்று தெரியாதது தாங்கவில்லை. அதற்கு ஆண்டவர் அவரைத் திட்டவில்லை, வழியை வரைந்தும் காட்டவில்லை. நானே வழி என்றார். அந்தத் தோமாவைத்தான் கி.பி. 72-ல் பரங்கிமலையில் குத்திக் கொன்றார்கள் என்பது நம் மரபு. சின்ன வயதில் அந்தப் படிகளில் ஏறும்போது தைரியசாலித் தோமாவைத்தான் நினைத்துக்கொள்வேன். இனி ஏறினால் வழி கேட்ட தோமாவைத்தான் நினைப்பேன்.

உங்கள் மாமனாருக்கு இதைச் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம். ஆனால் அவர் கேட்டால் மட்டும்.

10 நவம்பர்

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போஸ்டரில் போடுவது பொய்யான ஆறுதலா என்று நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறான். இல்லைப்பா. சத்துரு என்றதும் உண்மை, நித்திரை என்றதும் உண்மை. சிமிட்டரி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே கிரேக்கத்தில் தூங்குகிற இடம் என்ற சொல்லிலிருந்து வந்தது. தூங்குகிறவர்களை யாராவது எழுப்புவார்கள். அதை நம்பித்தான் ஆதிச் சபை அந்தப் பெயரை வைத்தது.

14 நவம்பர்

தகனம் செய்யலாமா, புதைக்கத்தான் வேண்டுமா என்று பேச்சு எங்கோ போய்விட்டது. கத்தோலிக்கச் சபை 1963-லேயே தகனத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது, சாம்பலைக் கரைக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது என்று 2016-ல் ஒரு அறிக்கையும் வந்தது. புராட்டஸ்டன்ட் சபைகளிலும் இப்போது யாரும் அதைப் பெரிய பாவமாகப் பேசுவதில்லை. எரிந்த உடம்பை எழுப்ப முடியாது என்றால் சிங்கத்துக்குப் போடப்பட்ட இரத்தசாட்சிகளின் கதி என்ன? அதனால் அது எனக்குப் பெரிய கேள்வியில்லை.

எனக்குப் பெரிய கேள்வி வேறு. கீழ்ப்பாக்கத்தில் புதுக்குழிக்கு இடம் ஏது, குடும்பக் குழியைத்தான் மறுபடி திறந்து புதைக்கிறார்கள். அப்பாவுக்காக அம்மாவின் குழியைத் திறந்தார்கள். பெட்டி வருவதற்கு முன்னால் குழியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பியை அனுப்பினார்கள், நானும் கூடப் போனேன், யாரும் தடுக்கவில்லை. குழி வெட்டுகிற பெரியவர் இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார். கடப்பாரையை மேலே சாத்தி வைத்துவிட்டுக் கையால்தான் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதில் இருந்ததை நான் பார்த்தேன். நீளமாக இரண்டு எலும்பு, பழுப்பு நிறத்தில். சின்னதாக நிறைய. அம்மா கையில் போட்டு அனுப்பிய கண்ணாடி வளையல் ஒன்று உடையாமல் இருந்தது, பச்சை நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. பெரியவர் துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிந்தார். என்னைப் பார்த்து, "அம்மாவ கால்மாட்டுல ஓரமா படுக்க வெச்சிடறேன்மா, கவலப்படாத" என்றார்.

படுக்க வைக்கிறேன் என்றார். வைக்கிறேன் என்று சொல்லவில்லை.

"சரீரம் உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் விசுவாசிக்கிறேன்" என்று நாலு வயதிலிருந்து ஞாயிறுதோறும் சொல்லிவருகிறேன். அதை உண்மையாகச் சொல்லிப் பார்த்தது அன்று ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான், வாய் வரவில்லை. ஆத்துமா பரலோகம் போகும் என்பதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் ஆத்துமாவை நான் பார்த்ததில்லை. அந்த முடிச்சைப் பார்த்துவிட்டேனே. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்று பவுல் எழுதினபோது அவரும் இப்படி ஒரு முடிச்சைப் பார்த்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. மண்ணுக்கு மண்ணாக என்று ஆயர் சொல்லி மூன்று பிடி மண் போட்டார், பெட்டி மேல் விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது. நம்பினேனா? அன்று நம்பவில்லை. நம்பினவர்கள் நடுவில் நின்றேன், அவ்வளவுதான். அவர்கள் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

15 நவம்பர்

உடம்பு எங்கே கிடந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரை இதே கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடாமல் கூட்டம் தடுத்தது நினைவிருக்கும். ஆம்புலன்ஸை அடித்து உடைத்தார்கள். கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக வேலங்காட்டில் புதைத்தார்கள், அவரோடு வேலை செய்த டாக்டரே மண்வெட்டியை எடுத்து மண்ணைத் தள்ளினார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் பண்ணுங்கள் என்று அவர் மனைவி கெஞ்சியதைச் செய்தியில் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. அப்பாவை அங்கே கொண்டுபோய் எட்டு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. இடம் முக்கியமில்லை என்று அந்த அம்மாவிடம் யாராவது சொல்லியிருக்க முடியுமா?

ஆனால் ஆதிச் சபையின் பெரிய போதகர் அகஸ்டினின் அம்மா மோனிக்கா அதைத் தானே சொன்னவர். சொந்த ஊரான தகஸ்தேயில் கணவன் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டவர். 387-ல் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில் ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார், வயது 56. இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், கர்த்தருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். போகிறவர் சொன்னால் அதில் விசுவாசம் இருக்கிறது. இருக்கிறவர்கள் அதையே விதவையிடம் சொன்னால் அது கல்நெஞ்சு.

இன்னொன்று. மோனிக்கா உயிர் பிரிந்தபோது பேரன் ஓவென்று அழுதான், பெரியவர்கள் அதட்டி நிறுத்தினார்கள். அகஸ்டினும் அடக்கிக்கொண்டார், அடக்கம் முடியும்வரை ஒரு சொட்டு விடவில்லை. குளித்தார், தூங்கினார், எழுந்தார். அதற்கப்புறம் தனியாகக் கிடந்து அழுதார். அத்தனை பெரிய வேத பண்டிதர்! "சாட்சி கெட்டுப்போகும், அழாதீங்க" என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அத்தைகள் என்னிடம் சொன்னதை அதோடு சேர்த்துப் பார்க்கிறேன். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள்" என்பதுதான் பவுல் சொல்வதன் சாரம். துக்கிக்கவே கூடாது என்று அதைப் பாதியில் வெட்டிவிட்டார்கள்.

26 நவம்பர், ஞாயிறு

கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், தனக்குச் சாவைவிட நித்தியம்தான் பயமாக இருக்கிறது என்கிறான். முடியவே முடியாத ஒன்றை நினைத்தால் மூச்சு அடைக்கிறது, இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள் என்கிறான். தம்பி, நான் சிரிக்க மாட்டேன். எட்டு வயதில் எனக்கு அது வந்தது. எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். ராத்திரி கூட்ஸ் வண்டி போகும்போது படுத்துக்கொண்டே பெட்டியை எண்ணுவேன், சத்தத்தை வைத்து. ஒரு நாள் எண்ணிக்கொண்டே இருக்கும்போது, இது முடியாமல் போய்க்கொண்டே இருந்தால்? என்று தோன்றியது. அன்று ஞாயிறு பள்ளியில் பரலோகம் பற்றிப் பாடம். பயந்து அலறிவிட்டேன். அப்பா தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார், கடைசிப் பெட்டி போகிறவரை. "பாத்தியா, முடிஞ்சிட்டு" என்றார்.

நித்தியம் என்றால் முடியாத கூட்ஸ் வண்டி என்று நினைத்துத்தான் ரொம்ப நாள் இருந்தேன். இயேசு நித்திய ஜீவனுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் இதுதான் அது என்று நேராகச் சொல்கிறார், யோவான் 17:3. "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்." எத்தனை வருஷம் என்ற கணக்கே அதில் இல்லை. ஒருவரை அறிவது. பிரசங்கி 3:11-ல் மனுஷர் உள்ளத்தில் "உலகத்தையும்" வைத்திருக்கிறார் என்று நம் பழைய பைபிளில் இருக்கும், வேறு மொழிபெயர்ப்புகளில் அதே இடத்தில் நித்தியம் என்று வரும். எபிரெயத்தில் அந்தச் சொல் ஓலாம். கண்ணுக்கெட்டாத காலம் என்ற பொருள் அதற்கு. சின்ன உள்ளத்தில் அவ்வளவு பெரிய ஒன்றை வைத்தால் மூச்சு அடைக்கத்தானே செய்யும்?

அந்தப் பையனுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அன்று ராத்திரி என் பயத்தைப் போக்கியது வண்டி முடிந்ததா, அப்பா தூக்கியிருந்ததா? முப்பது வருஷமாக வண்டி முடிந்ததுதான் என்று நினைத்திருந்தேன்.

8 டிசம்பர்

இன்றுதான் கரண்ட் வந்தது. மிக்ஜாம் புயலில் நாலு நாள் இருட்டு, கீழ் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். போனில் சார்ஜ் இல்லாமல் கேள்வி கேட்ட அண்ணனைப் பற்றிய நினைப்பாகவே இருந்தது. இருட்டை அவர் மாமா எப்படித் தாங்கினாரோ என்று. இப்போது அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அழுகிறேன். எமர்ஜென்சி லைட் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிட்டதாம். மருமகன், மகள், பேரன் மூன்று பேரும் முறைபோட்டு மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் ராத்திரி மெழுகுவர்த்தியும் தீர்ந்தபோது மாமா, "பரவாயில்ல, நீங்க பேசிட்டே இருங்க" என்றாராம்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நவம்பர் 5-ஆம் தேதி ஜன்னலோடு நிறுத்திவிட்டேன். அதற்கடுத்த நாள் ஒரு ஜீரோ வாட் பல்பு வாங்கி மாட்டினேன். அவர் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். ராத்திரி நடுநடுவே மேலேயிருந்து ஒரு கை தொங்கி வரும், என் தலையைத் தடவிப் பார்க்கும். "ஏளா, இங்கதான இருக்க?" என்பார். இருக்கேன்பா என்பேன். கை மேலே போய்விடும். ஒரு ராத்திரிக்கு ஏழெட்டுத் தடவை. பதினோரு நாள். கடைசி நாள் மேல்மூச்சு வாங்கும்போது நினைவு இல்லை, காது கடைசிவரை கேட்கும் என்று நர்ஸ் சொன்னதால் அவர் கேட்காமலே, இருக்கேன்பா, இருக்கேன்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தபோது லேசாகச் சப்பினார். அதற்கப்புறம்தான் சங்கீதம் 23 வாசித்தேன். "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற இடத்தில் எனக்குக் குரல் போய்விட்டது. அதுவரை அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை, அதற்கு முன்னால் வரும் மரண இருளின் பள்ளத்தாக்கைத்தான் பெரிதாகப் பார்த்திருந்தேன்.

20 டிசம்பர்

இயேசுவை அறியாமல் இறந்தவர்கள் என்ன ஆவார்கள் என்று நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள். தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் முருகனுக்கு விளக்கேற்றுகிறவர். நான் மருந்து வாங்கப் போன நேரமெல்லாம் அப்பாவுக்குத் துணி மாற்றிவிட்டது அவர்தான், முகம் சுளித்ததில்லை. 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். நியாயத்தீர்ப்பு உண்டு என்று நம்புகிறேன், எபிரெயர் 9:27-ஐ அழிக்க எனக்கு அதிகாரமில்லை. அதே நேரம் அந்த அக்காவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதையே நானும் தினம் கேட்கிறேன். அக்கா பேரைச் சொல்லியே கேட்கிறேன். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

1 ஜனவரி 2024, அதிகாலை

நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்தேன். வழக்கம்போல சங்கீதம் 90, வழக்கம்போல இந்த வருஷம் மரித்தவர்களின் பெயர்கள். எங்கள் சபையில் பதினேழு பேர். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். 2019-ல் நின்றபோது கால் நடுங்கியது. நேற்று எனக்கு முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் தனியாக எழுந்து நின்றாள், நான் கூடப் போய் நின்றேன். உறவு ஒன்றும் இல்லை.

7 ஜனவரி, ஞாயிறு

இன்று விடியற்காலை மாமா போய்விட்டார் என்று இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. சாய்ந்து உட்கார்ந்தபடியே, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, லைட் எரிந்துகொண்டிருக்கும்போது. முந்தின ராத்திரிகூடப் பயமாக இருக்கிறது என்று சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அவர் அதை உங்களிடம் சொன்னாரே.

நாளை மதியம் மூன்று மணிக்குக் காசிமேட்டில் அடக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் வருகிறேன். ஃப்ரீசர் பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைச் சீக்கிரம் மூடச் சொல்லுவார், அவசரப்படாதீர்கள், பேரன் தாத்தா கையை இன்னொரு தடவை தொட்டுக்கொள்ளட்டும், அழுதால் யாரும் அதட்ட வேண்டாம். குழியை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள், தனியாகப் போகாதீர்கள். நான் இரண்டரைக்கே வாசலில் இருப்பேன், வெள்ளைப் புடவை, கையில் பைண்டிங் பிரிந்த பழைய பாமாலைப் புத்தகம் இருக்கும்.